அஞ்சல்தலையில் ஆளும் மொழி

உறைமேல் ஒட்டும் சிறு தாளில் எம்மொழி இருந்தால் என்ன, மடல் போய்ச் சேர்ந்தால் போதாதா என வினவுவார் நம்மிடை உளர். படித்தவரே இவ்வாறு வினவுவதுதான் கொடுமை. அவர்கள் அயர்லாந்தின் அஞ்சல்தலைகளைச் சற்றே எடுத்து நோக்குவாராக!

1922 பிப்பிரவரியில் அந்நாட்டின் இடைக்கால அரசுக்குத் தனக்கென அஞ்சல்தலை வரையவும் பொழுதில்லை. ஆங்கில மன்னன் ஐந்தாம் சியார்சின் முகம் பொறித்த தலைகளையே எடுத்தது. அம் முகத்தின் மேலேயே 'அயர்லாந்தின் இடைக்கால அரசு' எனப் பொருள்படும் ஐரியச் சொற்களை அச்சிட்டு விற்றது. நாட்டில் பெரும்பாலார் நாவில் அன்று வழங்கியது ஆங்கிலமே என்பதை மறவற்க.

அவ்வாண்டு திசம்பர் 6-ஆம் நாள், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருக்கையில், அவர்தம் முதல் தனி அஞ்சல்தலை வெளிவந்தது. அதில் இருந்தது அயர்லாந்தின் நிலப்படம். வடபகுதியின் ஆறு மாவட்டங்களை முந்தைய ஆண்டே பிரித்துத் தனியாட்சியாக்கித் தன்னொடு வைத்துக்கொண்டது ஆங்கில அரசு. நிலப்படத்திலோ எல்லைக்கோடே இல்லை! தீவு முழுமையும் ஒன்றாக நின்றது. எழுத்தும் பழைய ஐரிய எழுத்தே. ஒளிவாள், கெல்தியச் சிலுவை, நான்கு மாநிலங்களின் பொறிகள் என ஏனைய தலைகளும் அம் மண்ணின் அடையாளங்களையே தாங்கின.

1928-இல் காசுகள் வந்தன. பாவலர் இயேட்சு தலைமையில் அமைந்த குழு, குதிரை, காளை, சால்மன் மீன், வேட்டைநாய், முயல், கோழி, பன்றி, உள்ளான் இனப் பறவை ஆகியவற்றைத் தேர்ந்தது. காசில் பன்றியா என நகைத்தோரும் இருந்தனர். நகைக்கட்டும்! அரசன் தலை அங்கில்லை. ஆங்கிலச் சொல் ஒன்றுமில்லை. வரைந்தவர் பெர்சி மெட்காபு என்னும் ஆங்கிலச் சிற்பி. 1968 முதல் வந்த அஞ்சல்தலைகளில் நாய், கலைமான், சிறகுடைய எருது, கழுகு ஆகியவற்றைப் பழைய ஐரியக் கலைப்பாங்கில் தீட்டியவரும் கெர்ல் என்னும் செருமானியரே. கைத்திறனை அயலாரிடம் பெற்றனர். பெயரை மட்டும் எவரிடமும் இரவல் பெற்றாரில்லை. இன்றும் அவர்தம் அஞ்சல்தலையில் நாட்டின் பெயர் 'ஏரெ' என்றே உள்ளது.

நம் நிலை என்ன? 1960-இல் இந்திய அரசு திருவள்ளுவர்க்கு அஞ்சல்தலை வெளியிட்டது. 1963-இல் காட்டெருதுக்கும் யானைக்கும் வெளியிட்டது. நம் முன்னோர் 'ஆமா' என்று அழைத்த அக் காட்டெருது இன்றும் முதுமலையில் மேய்கின்றது. வள்ளுவராயினும் ஆமாவாயினும், நாட்டின் பெயர் தமிழில் இல்லையே! தமிழன் தரும் காசில் தமிழுக்கு மட்டும் இடமில்லையாம்.

இங்கு ஒன்றை மறைத்தல் நேர்மையன்று. அஞ்சல்தலையில் ஐரியம் அரசாண்டும் வீட்டில் தளர்ந்தது. 2022 குடிமதிப்பின்படி, கல்விக்கூடத்திற்கு வெளியே நாள்தோறும் அம்மொழி பேசுவோர் ஏறத்தாழ 72,000 பேரே. அரசு தாளில் எழுதியதை மக்கள் நாவில் எழுதவில்லை. நமக்கோ நாவில் மொழி இருக்கின்றது, தாளில் இல்லை. தமிழ்நாட்டில் விற்கும் அஞ்சல்தலையில் தமிழும் வேண்டுமென அஞ்சல்துறைக்கு ஒவ்வொருவரும் மடல் விடுக்க. விடுக்குங்கால், உறைமேல் முகவரியையேனும் தமிழில் எழுதுக.