நகல் எடுப்பது பாதுகாப்பு அல்ல

“இருபது வாடிக்கையாளர் என்றால் இருபது நகல். ஒருவர் தளத்தில் கைவைத்தால் இன்னொருவருக்குப் பாதிப்பு இல்லை.” இணையதளம் செய்து தரும் நிறுவனங்களில் வேரூன்றிப்போன நம்பிக்கை இது. ஒரே மூலநிரலில் பல தளங்களை ஓட்டுவது ஆபத்து என்பதற்கு நான்கு காரணங்கள் சொல்கிறார்கள். ஒன்றுகூட நிற்கவில்லை.

முதல் வாதம்: தனி நகல் இருந்தால் ஒரு தளம் விழுந்தாலும் மற்றவை தப்பும்.

2014 அக்டோபர் 15 அன்று, இணையதளங்களைக் கட்டப் பயன்படும் ட்ருபல் மென்பொருளின் 7ஆம் பதிப்பில் கடுமையான எஸ்கியூஎல் ஊடுருவல் ஓட்டை அறிவிக்கப்பட்டது. திருத்தம் 7.32 பதிப்பாக அன்றே வந்தது. அறிவிப்பு வந்த 7 மணி நேரத்துக்குள் திருத்தப்படாத தளம் ஒவ்வொன்றும் ஊடுருவப்பட்டதாகவே கருத வேண்டும் என்று ட்ருபல் பாதுகாப்புக் குழு அதே மாதம் எச்சரித்தது. இருபது நகல், ஒவ்வொன்றிலும் யாரோ எப்போதோ செய்த மாற்றம். அத்தனையையும் 7 மணி நேரத்தில் திருத்த முடியுமா? ஒரே நிரலாக இருந்தால் திருத்தமும் ஒன்றுதான். ஒரு பிழை எல்லாத் தளங்களையும் சாய்த்துவிடுமே என்ற அச்சம் நியாயமானது. புதிய பதிப்பை முதலில் ஒரு சிறிய தளத்தில் ஏற்றி, சரியாக ஓடுகிறதா என்று பார்த்தபின் மற்றவற்றில் ஏற்றினால் அந்த அச்சம் தீரும்.

இரண்டாம் வாதம்: ஆளுக்கொரு தேவை; நிரல் முழுக்க நிபந்தனைகள் மண்டிவிடும்.

வாடிக்கையாளர் பெயரை நிரலுக்குள் எழுதுவதால் வரும் வினை அது. “இது அந்த நகைக்கடையின் தளமா?” என்று நிரல் கேட்கக் கூடாது, “இந்தத் தளத்தில் தவணைத் திட்டம் உண்டா?” என்று கேட்க வேண்டும். பதில் கட்டமைவுக் கோப்பில் இருக்கட்டும். எல்லோருக்கும் பொதுவான இயல்பு மதிப்புகள் ஒரு கோப்பில்; ஒவ்வொரு தளத்துக்கும் மாறுபடுவது மட்டும் தனிக் கோப்பில். ட்ருபலில் தளத்துக்கொரு கோப்புறை, அதற்குள் அந்தத் தளத்தின் அமைப்புக் கோப்பு என்ற முறை நெடுங்காலமாக உண்டு. வேர்ட்பிரஸும் 2010இல் வந்த 3.0 பதிப்பிலேயே பல தளங்களை ஒரே நிறுவலில் ஓட்டும் வசதியைச் சேர்த்துக்கொண்டது.

மூன்றாம் வாதம்: ஒருவர் கடவுச்சொல்லும் தரவும் இன்னொருவரிடம் கசியும்.

நிரலைப் பகிர்வது தரவைப் பகிர்வது ஆகாது. தளத்துக்கொரு தரவுத்தளம், தரவுத்தளத்துக்கொரு பயனர் என வையுங்கள். ஹெரோகு நிறுவனத்தின் ஆடம் விக்கின்ஸ் எழுதிய ‘பன்னிரு காரணி’ நெறிகள் இதற்கு ஒரு சோதனை தருகின்றன: இந்த நிமிடமே நிரலைத் திறமூலமாக வெளியிட்டால் ஏதேனும் ரகசியம் வெளிப்படுமா? வெளிப்படும் என்றால் கடவுச்சொற்களை நிரலிலிருந்து எடுத்துச் சூழல் மாறிகளுக்குக் கொண்டுபோங்கள். தரவுத்தள முகவரி விடுபட்டிருந்தால் தளம் தொடங்கவே மறுக்க வேண்டும். இன்னொருவரின் தரவுத்தளத்தைத் தேடிப் போகக் கூடாது.

நான்காம் வாதம்: நகல்களைத் தேவைப்படும்போது ஒத்திசைத்துக்கொள்ளலாம்.

2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்கப் பங்குத் தரகு நிறுவனமான நைட் கேபிடலில் எட்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதிய நிரல் ஏறவில்லை. கைவிடப்பட்ட பழைய வசதி ஒன்றை இயக்கிவந்த அமைப்பையே புதிய வேலைக்கும் பயன்படுத்தியிருந்ததால், அந்த ஒரு சர்வரில் பழைய நிரல் ஓடத் தொடங்கியது. சுமார் 45 நிமிடத்தில் 46 கோடி டாலருக்கும் மேல் நட்டம். எட்டு சர்வர்களையே ஒத்த நிலையில் வைக்கத் தவறிய இடத்தில், ஆளுக்கொரு மாற்றம் கண்ட இருபது நகல்களை எப்படி ஒத்திசைப்பது?

ஒப்பந்தம் கேட்டால் தனி சர்வர் கொடுங்கள். அதிலும் அதே நிரல் ஓடட்டும். தொழில்முறையே முற்றிலும் வேறு என்றால் அது வேறு மென்பொருள். அதைத் தனியாகவே எழுதுங்கள். மற்றபடி, அடுத்த வாடிக்கையாளர் வரும்போது கோப்புறையை நகலெடுக்காதீர்கள். அவர் தளம் எதில் எதில் மாறுபடுகிறது என்று முதலில் எழுதுங்கள். அந்தப் பட்டியல்தான் அவருக்கான கட்டமைவுக் கோப்பு.