புளியங்கொட்டையும் திட்ட விலக்கமும்

ஒன்பதாம் வகுப்புவரை பிள்ளைகள் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும். பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் கணக்கு என்பது போட்டுப் போட்டுப் பார்ப்பதுதான். பெற்றோர் கூட்டத்திலும் டியூஷன் வாசலிலும் ஆசிரியர் ஓய்வறையிலும் இதே பேச்சு. மணி கோப்பது, அட்டை வெட்டுவது, பகடை உருட்டுவது எல்லாம் சின்னப் பிள்ளைகளோடு சரியாம். தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வியும் ஏறக்குறைய இப்படித்தான் நினைக்கிறது. 2007-ல் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றல் நான்காம் வகுப்போடு நின்றது. 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டமும் தொடக்கப்பள்ளி வகுப்புகளோடு சரி. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் அறிவியலுக்காவது 25 மதிப்பெண் செய்முறைக்கு உண்டு. கணக்குக்கு நூறும் எழுத்துத் தேர்வுதான்.

எனக்குச் சண்டை இந்த நம்பிக்கையோடு மட்டுமல்ல, அதை மறுக்க வருகிறவர்களோடும்தான். கணக்கு கசக்கிறது, பிள்ளைகள் பயப்படுகிறார்கள், கொஞ்சம் விளையாட்டுக் காட்டினால் எளிதாகிவிடும் என்கிறார்கள் அவர்கள். இரு தரப்புக்கும் செயல்பாடு என்பது மருந்தில் குழைத்த தேன். ஒருவர் வேண்டும் என்கிறார், இன்னொருவர் பத்தாம் வகுப்புக்கு எதற்கு என்கிறார், அவ்வளவுதான் வேறுபாடு. உண்மையில், கையால் அளந்து செய்யும்போது கணக்கு எளிதாவதில்லை, கடினமாகிறது. மேல்வகுப்பில் அது கட்டாயம் இருக்கவேண்டும் என்பதற்குக் காரணமே அதுதான்.

பள்ளிக்கூடத்துத் தென்னை மரத்தையே எடுத்துக்கொள்வோம். பாடநூலில் மரமும் கோபுரமும் கலங்கரை விளக்கமும் பெரும்பாலும் 30, 45, 60 பாகையிலேயே நின்றுகொண்டிருக்கும். வர்க்கமூலம் 3 வந்துவிட்டால் விடை சரி என்று பிள்ளைகளுக்குத் தெரியும். இப்போது ஒரு கோணமானியின் விளிம்பில் ஸ்ட்ராவை ஒட்டி, நடுப்புள்ளியில் நூல் கட்டி, நூல் முனையில் ஒரு நட்டைத் தொங்கவிட்டு வெளியே அனுப்புங்கள். மரத்திலிருந்து 20 மீட்டர் தள்ளி நின்று ஒருத்தி ஸ்ட்ரா வழியே உச்சியைப் பார்க்கிறாள். நூல் காற்றில் ஆடுகிறது. நூல் காட்டும் எண்ணை 90-லிருந்து கழித்தால்தான் ஏற்றக்கோணம் என்பது முதலில் யாருக்கும் தோன்றாது. ஒருத்தி 35 என்கிறாள், பக்கத்தில் நிற்பவள் 36 என்கிறாள். 35 என்றால் 14 மீட்டர், 36 என்றால் பதினான்கரை. ஒரு பாகைக்கு அரை மீட்டர் போய்விட்டது. அதோடு கண் மட்டத்தின் ஒன்றரை மீட்டரைக் கூட்டவேண்டும். பாதிப் பேர் மறந்திருப்பார்கள்.

இனிமேல்தான் நல்ல கேள்வி வருகிறது. எங்கே நின்று பார்த்தால் பிழை குறையும்? கிட்டே போனால் நல்லது என்று சிலர் சொல்வார்கள், எட்டப் போனால் என்று சிலர். இதே மரத்தை 5 மீட்டரிலிருந்து பார்த்தாலும் 40 மீட்டரிலிருந்து பார்த்தாலும் ஒரு பாகைப் பிழை முக்கால் மீட்டரைத் தாண்டுகிறது. 14 மீட்டரில், கோணம் 45 பாகையாகும் இடத்தில், அது மிகக் குறைவு. ஏன் என்று கேட்கும் பிள்ளைக்கு வகைநுண்கணிதம் பதினோராம் வகுப்பில் காத்திருக்கிறது. இது விளையாட்டு என்றால் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.

புள்ளியியல் பாடத்தின் கதை இன்னும் மோசம். அங்கே எண்களை நாமே கொடுத்துவிடுகிறோம். பிள்ளை நேரடி முறை, ஊகச் சராசரி முறை, படி விலக்க முறை என்று ஒரே விடைக்கு வெவ்வேறு பாதையில் நடந்து திட்ட விலக்கத்தைக் கண்டுபிடிக்கிறது. அந்த எண் எதைச் சொல்கிறது என்று கேளுங்கள், வர்க்கமூலத்துக்குள் இருக்கும் சூத்திரத்தைச் சொல்லும்.

ஒரு துணிப்பையில் புளியங்கொட்டை. எத்தனை என்று எண்ணிப் பார்க்கக் கூடாது. ஒரு குழு 40 கொட்டைகளை எடுத்து ஒயிட்னரால் புள்ளி வைத்து, காயவிட்டு, திரும்பப் போட்டுக் குலுக்குகிறது. பிறகு பார்க்காமல் 50 எடுக்கிறது. அதில் புள்ளி உள்ளவை 8 என்றால், 40-ஐ 50-ஆல் பெருக்கி 8-ஆல் வகுத்து, பையில் 250 என்று மதிப்பிடலாம். அடுத்த குழு அதே பையில் 50 எடுக்கிறது. புள்ளி உள்ளவை 6. விடை 333. இன்னொரு குழுவுக்கு 10 கிடைத்து விடை 200. யாரும் தப்பாகப் பெருக்கவில்லை. இருந்தும் விடைகள் வேறு. கணக்கு வகுப்பில் இந்தப் பிள்ளைகள் இதுவரை சந்திக்காத நிலைமை இது. இந்த விடைகள் எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்று அளக்க ஓர் எண் வேண்டும் என்று அவர்களே கேட்கும் நேரத்தில் திட்ட விலக்கத்தைக் கரும்பலகையில் எழுதுங்கள். முதலில் 80 கொட்டைக்குப் புள்ளி வைத்திருந்தால் சிதறல் குறையுமா என்று கேளுங்கள். முதுமலையில் கேமரா வைத்துப் புலிகளை மதிப்பிடுவதும் அடிப்படையில் இதே வழிதான். அங்கே புள்ளிக்குப் பதில் உடல் வரிகள்.

புலி வேண்டாம், நெல்லுக்கு வாருங்கள். டெல்டாவில் பயிர்க் காப்பீட்டு இழப்பீடு, குலுக்கலில் தேர்ந்த சில வயல்களில் 5-க்கு 5 மீட்டர் துண்டை அறுத்து எடை போடும் அறுவடைப் பரிசோதனையைப் பொறுத்தது. இந்த முறையை இந்தியாவில் வளர்த்தவர்களில் ஒருவர், 1931-ல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கிய மகலனோபிஸ். ஒரு கிராமத்துக்கே இழப்பீட்டை முடிவுசெய்யும் புள்ளியியல், அந்தக் கிராமத்துப் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஐந்து மதிப்பெண் கேள்வியாக மட்டுமே தெரியும்.

கணக்கை மதிக்கும் ஆசிரியர்கள் ஒரு நியாயமான ஆட்சேபம் சொல்வதுண்டு: கூம்பில் மணலை நிரப்பி உருளையில் மூன்று முறை கொட்டிவிட்டால் அது நிரூபணமா? இல்லை. பிள்ளை செய்த காகிதக் கூம்பில் மூன்று முறையும் கொஞ்சமும் ஆகும், அல்லது மூன்றாவது முறை வழிந்துவிடும். சரியாக மூன்றுதானா, சூத்திரம் எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறது என்ற கேள்வி அந்த வழிந்த மணலிலிருந்துதான் எழும். சூத்திரத்தை மட்டும் பார்த்தவருக்கு நிரூபணம் எதற்கு என்றே தெரியாது.

போர்ஷன் முடியாது என்பார்கள். ஒரு வகுப்பில் ஐம்பது பேர், ஒரு பீரியட் நாற்பது நிமிடம். வடிவியல் வரைபடமும் கிராஃபும் போட்டாலே 16 மதிப்பெண் உறுதி என்று கடைசிப் பெஞ்சுப் பிள்ளையைத் தேற்றிவிடும் ஆசிரியரை நான் குறை சொல்லமாட்டேன். கண்காட்சிக்காக அப்பா அம்மா ராத்திரி உட்கார்ந்து ஒட்டும் தெர்மாகோல் மாடல்களையும் நான் ஆதரிக்கவில்லை. அதில் பிள்ளை கற்பது பெவிகால் காய எவ்வளவு நேரமாகும் என்பது மட்டுமே. மதிப்பெண் ஒதுக்கினால் சரியாகிவிடும் என்றும் நம்பவில்லை. சிபிஎஸ்இ பத்தாம் வகுப்புக் கணக்கில் ஆய்வகச் செயல்பாட்டுக்கு 5 அக மதிப்பெண் உண்டு. ஒருவர் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து மற்றவர் எழுதினாலும் அது கிடைத்துவிடும்.

மாற்றவேண்டியது கேள்வித்தாள். ஆறு குழுக்கள் ஒரே பையிலிருந்து எடுத்த கொட்டைகளின் எண்ணிக்கையைக் கொடுங்கள். விடைகள் ஏன் வேறுபட்டன, எந்தக் குழுவின் மதிப்பீட்டை நம்பலாம், சிதறலைக் குறைக்க அடுத்த முறை என்ன செய்வீர்கள் என்று ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேளுங்கள். எந்தச் சூத்திரத்தை மனப்பாடம் செய்தும் எழுத முடியாது. அப்படி ஒரு கேள்வி பொதுத்தேர்வில் வந்தால், மறு ஆண்டு ஜூன் மாதமே ஊரில் உள்ள டியூஷன் சென்டர்கள் மளிகைக் கடையில் புளியங்கொட்டை கேட்டு நிற்கும்.