படிவம் 26 கேட்காத கேள்வி

திருப்பரங்குன்றம் வாக்காளர்கள் 2016-க்கும் 2019-க்கும் இடையில் மூன்று முறை சட்டமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தார்கள். 2016 மே மாதம் வென்ற சீனிவேல், உறுதிமொழி எடுக்கும் முன்பே காலமானார். அந்த நவம்பரில் இடைத்தேர்தலில் வென்ற ஏ.கே. போஸ் 2018-இல் மறைந்தார். சாவு யாரிடமும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. அதில் குறைகாண ஒன்றுமில்லை. நாம் பேச வருவது அந்த இடைத்தேர்தலில் தாக்கலான ஒரு தாளைப் பற்றி.

போஸுக்குச் சின்னம் ஒதுக்கக் கோரிய படிவங்களில், அ.தி.மு.க. பொதுச் செயலாளரும் முதலமைச்சருமான ஜெயலலிதாவின் கையெழுத்து இருக்கவேண்டிய இடத்தில் இடது பெருவிரல் ரேகை இருந்தது. தொண்டையில் துளையிட்டுச் சுவாசச் சிகிச்சை நடந்திருக்கிறது, வலக்கை வீங்கியிருக்கிறது, என் முன்னிலையில்தான் ரேகை வைத்தார் என்று ஓர் அரசு மருத்துவர் சான்றளித்திருந்தார். அந்த ரேகையை ஏற்றிருக்கக் கூடாது என்று 2019 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் போஸின் வெற்றியை ரத்து செய்தது. அப்போது வென்றவரும் உயிரோடில்லை, ரேகை வைத்தவரும் இல்லை.

கட்சிப் படிவத்துக்கு வந்த கதியை விடுங்கள். அரசுக் கோப்புகள் என்ன ஆயின? 2016 செப்டம்பர் 22 முதல் டிசம்பர் 5 வரை 75 நாள் முதலமைச்சர் மருத்துவமனையில் இருந்தார். காய்ச்சல், நீர்ச்சத்துக் குறைவு என்றது முதல் அறிக்கை. ஒரு புகைப்படம்கூட வெளிவரவில்லை. அக்டோபரில் அவருடைய துறைகள் ஓ. பன்னீர்செல்வத்திடம் ஒப்படைக்கப்பட்டபோது, முதலமைச்சரின் ஆலோசனைப்படியே இது நடக்கிறது என்று ஆளுநர் மாளிகை அறிவித்தது. அந்த ஆலோசனை வாய்மொழியாக வந்ததா, எழுத்தில் வந்ததா, யார் வாங்கி வந்தார்கள் என்று கேட்கச் சட்டத்தில் யாருக்கும் கடமையில்லை. பிறகு அவருடைய சாவு பற்றி ஆறுமுகசாமி ஆணையம் அமைத்து, 2022 வரை விசாரித்தோம். கட்டிலில் இருந்தபோது கேட்கவேண்டியதைக் காலம் கடந்து கேட்டோம்.

வேட்பாளர் தாக்கல் செய்யும் பிரமாணப் பத்திரம், அதாவது படிவம் 26, மனைவி கழுத்திலுள்ள நகையின் எடையைக்கூடக் கேட்கிறது. வழக்குகள், கடன், படிப்பு எல்லாம் உண்டு. பதவியின் வேலையைச் செய்ய முடியாதபடி உடலிலோ மனத்திலோ ஏதும் உண்டா என்ற கேள்வி மட்டும் இல்லை. சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று நீதிமன்றம் அறிவித்திருந்தால் தகுதியிழப்பு என்கிறது அரசியல் சட்டம். அந்தக் கோட்டுக்கு இப்பால் எதுவும் சொந்த விஷயம். பேருந்து ஓட்ட மருத்துவச் சான்று கேட்கும் நாட்டில் இது விசித்திரம்தான்.

நோயாளி போட்டியிடவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. 1984 டிசம்பரில் எம்.ஜி.ஆர். நியூயார்க்கின் புரூக்ளின் மருத்துவமனையில் இருந்தபடியே ஆண்டிபட்டியில் வென்றார். அவர் நோயாளி என்பது ஊரறிந்த செய்தி; தெரிந்தே வாக்களித்தார்கள், அது அவர்கள் உரிமை. ஆனால் பேச்சு எவ்வளவு திரும்பும் என்பது அவர்களுக்குத் தெரியாது; மருத்துவமனையில் எடுத்த படத்தைத்தான் பார்த்தார்கள். மறுபுறம், கருணாநிதி சக்கர நாற்காலியில் இருந்துகொண்டே முதலமைச்சராகக் கோப்பு பார்த்தார், 91 வயதில் திருவாரூரில் நின்று வென்றார். வயதுக்கு உச்சவரம்பு வைப்பவர்கள் இதற்குப் பதில் சொல்லவேண்டும்.

அமெரிக்கப் பாணியில் மூளைத்திறன் பரீட்சை வைக்கலாம் என்பவர்களும் உண்டு. 2018-இல் டிரம்ப் முப்பதுக்கு முப்பது வாங்கிய சோதனையில் கடிகாரம் வரையச் சொல்வார்கள், ஒட்டகத்தை அடையாளம் காட்டச் சொல்வார்கள். மறதி நோயின் தொடக்கத்தைப் பிடிக்க உருவான சோதனை அது; நிதிநிலை அறிக்கை புரியுமா என்று சொல்லாது. சொந்த மருத்துவரின் அறிக்கையையும் நம்ப முடியாது. பிரான்சில் மித்திரான், தன் உடல்நிலையை அவ்வப்போது வெளியிடுவேன் என்று வாக்களித்துத்தான் 1981-இல் அதிபரானார். அந்த ஆண்டே புற்றுநோய் தெரிந்தது. ஆண்டுக்கணக்கில் அவருடைய மருத்துவர் அதை மறைத்தே அறிக்கை கொடுத்தார்.

ஆகவே நாம் கேட்பது இரண்டு. படிவம் 26-இல் ஒரு பத்தி சேர்க்கப்படட்டும்: படித்துப் புரிந்து, முடிவெடுத்து, அதைத் தெரிவிக்க இடையூறான உடல்நிலை இப்போது உண்டா? நோயின் பெயர் வேண்டாம். சர்க்கரை, மனச்சோர்வு, ஊனம் ஆகியவற்றைச் சொல்லிக் கேவலப்படுத்த எதிராளிக்கு வழிவிடக் கூடாது. பொய் சொன்னால் தண்டிக்க மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 125ஏ பிரிவு ஏற்கெனவே இருக்கிறது. இரண்டாவது, முதலமைச்சரோ பிரதமரோ தொடர்ந்து பத்து நாள் மருத்துவமனையில் இருந்தால், உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி நியமிக்கும் அரசு மருத்துவக் குழு பார்த்து, கடமையாற்றும் நிலையில் இருக்கிறாரா என்பதை மட்டும் எழுத்தில் சொல்லவேண்டும். பிரதமர் என்றால் நியமிப்பவர் இந்தியத் தலைமை நீதிபதி. இல்லை என்று குழு சொன்னால் பொறுப்பு தானாகவே அமைச்சரவையில் அடுத்தவருக்குப் போகட்டும். கருணாநிதி நலிவுற்றபோது தி.மு.க. 2017 ஜனவரியில் செயல் தலைவர் பதவியை உண்டாக்கிக்கொண்டது. கட்சிக்குத் தெரிந்த வழி அரசுக்கு மட்டும் ஏன் இல்லை?

முதல் கோரிக்கைக்கு நாடாளுமன்றம் கூடவேண்டியதில்லை; 1961-ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளை மத்திய அரசு ஓர் அறிவிக்கையால் திருத்தலாம். கட்சிகள் எதிர்க்கும், தெரிந்ததுதான். 2002-இல் சொத்தையும் வழக்கையும் வேட்பாளர்கள் சொல்லவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது, எல்லாக் கட்சிகளும் பகை மறந்து ஒன்றுகூடி சட்டத்தைத் திருத்தின. அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தத்தின் முக்கியப் பிரிவை ரத்து செய்தது.