உரிமையை விற்போரும், அவர்களைக் காட்டி உரிமையை மறுப்போரும்

மாற்றுத்திறனாளிகளின் அணுகல் உரிமையைக் கட்டாயமாக்க வேண்டும் என்று பேசினால் உடனே ஒரு குரல் எழுகிறது: “அமெரிக்காவில் அது வழக்குப் போட்டுப் பணம் பறிக்கும் தொழிலாகிவிட்டது; நமக்கும் அந்த நிலை வேண்டுமா?” இக்கேள்வியின் முற்பாதி உண்மை, பிற்பாதி சூழ்ச்சி. இரண்டையும் பிரித்துக் காட்டவே இப்பதிவு.

முதலில் உண்மையைப் பார்ப்போம். 1990 மார்ச்சில் மாற்றுத்திறனாளிகள் பலர் சக்கர நாற்காலிகளைக் கீழே விட்டுவிட்டு, வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தின் படிகளில் தவழ்ந்து ஏறினர். அவ்வாண்டு ஜூலை 26 அன்று சட்டம் கையெழுத்தானது. தனியார் கடைமீதோ விடுதிமீதோ வழக்குத் தொடுப்பவருக்கு அச்சட்டம் இழப்பீடு தருவதில்லை. குறையைச் சரிசெய்யும் ஆணையையும் வழக்குரைஞர் கட்டணத்தையும் மட்டுமே அவர் பெறலாம். கலிபோர்னியாவின் அன்ரூ சட்டமோ ஒவ்வொரு மீறலுக்கும் குறைந்தது 4,000 டாலர் இழப்பீடு தருகிறது. வழக்குக்கு முன் அறிவிப்பு அனுப்ப வேண்டியதும் இல்லை. இந்த இடுக்கில்தான் ஒரு வணிகம் முளைத்தது.

அதன் முறை எளிது. வாதி ஒருவர், வழக்குகள் நூற்றுக்கணக்கில், கடையின் பெயரும் முகவரியும் மட்டும் மாறும் அச்சுவார்ப்பு மனுக்கள். எதிர்த்து வழக்காட ஆகும் செலவு சமரசத் தொகையைவிட மிகுதி என்பதால் சிறுகடைக்காரர் பணத்தைக் கொடுத்து ஒதுங்கிவிடுகிறார். 2022 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோ, லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்ட அரசு வழக்குரைஞர்கள் ஒரு சட்ட நிறுவனத்தின்மீதே வழக்குத் தொடுத்தனர். குடியேறிகள் நடத்தும் சிறுகடைகள் பொய்யான கூற்றுகளைக் கொண்டு குறிவைக்கப்பட்டன என்பது குற்றச்சாட்டு. நீதிமன்ற நடவடிக்கைகளுக்கு உரிய சட்டப் பாதுகாப்பைக் காட்டி அவ்வழக்கு தள்ளுபடியானது. தாம் தங்க எண்ணாத விடுதிகளின் இணையதளங்களில் அணுகல் விவரம் இல்லை என்று ஒரே வாதி 600க்கும் மேற்பட்ட வழக்குகள் தொடுத்த செய்தி, அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்ற ‘அச்செசன் ஹோட்டல்ஸ்’ வழக்கில் வெளிவந்தது. வாதி தம் வழக்கைக் கைவிட்டதால், 2023 டிசம்பரில் நீதிமன்றம் அடிப்படைக் கேள்விக்கு விடை சொல்லாமலே அதை முடித்தது.

பணம் கைமாறியபின் சாய்தளம் கட்டப்பட்டதா என்று திரும்பிப் பாராதவர் உரிமைப் போராளி அல்லர். பிறர் தவழ்ந்து பெற்ற உரிமையைச் சில்லறையாக்கும் தரகர். அவர் கடைக்காரரிடம் பறிப்பது பணத்தை. உண்மையாகவே வாசலில் தடுக்கப்பட்டு நாளை நீதிமன்றம் வரப்போகும் மாற்றுத்திறனாளியிடம் பறிப்பது நம்பகத்தன்மையை. பின்னதற்கு எந்தச் சமரசத் தொகையும் ஈடாகாது.

இனி, சூழ்ச்சி. 2018 பிப்ரவரியில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை, வழக்குக்கு முன் எழுத்துமூல அறிவிப்பும் அவகாசமும் தரவேண்டும் என்ற மசோதாவை நிறைவேற்றியது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சட்டம் வந்து 28 ஆண்டுகள் கழிந்தபின்னும், புகார் வரும்வரை எதுவும் செய்யாமல் இருக்கலாம் என்பதே அதன் உட்பொருள். மாற்றுத்திறனாளர் அமைப்புகள் எதிர்த்தன. மசோதா செனட்டைத் தாண்டவில்லை. மேலும், இழப்பீட்டு வேட்டைக்கு வழிவிட்டது கலிபோர்னியாவின் மாநிலச் சட்டம். அந்த மசோதா திருத்த முயன்றதோ இழப்பீடே தராத கூட்டாட்சிச் சட்டத்தை!

நம் நாட்டுக்கு வருவோம். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 89ஆம் பிரிவின்படி முதல் மீறலுக்கு அபராதம் அதிகபட்சம் 10,000 ரூபாய். தொடர் மீறலுக்கு 50,000 முதல் 5 லட்சம் வரை. புகார் அளித்தவருக்கு அப்பிரிவு ஒரு ரூபாயும் தருவதில்லை. பறிக்கப் பணமே இல்லாத இடத்தில் பறிப்போர் எங்கிருந்து வருவர்? இந்த அபராதத்தையும் நீர்த்துப்போகச் செய்ய 2020இல் ஒன்றிய அரசு திருத்தம் முன்மொழிந்தது. எதிர்ப்புக்குப் பின் கைவிட்டது. 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்களை வெறும் பரிந்துரைகளாக விட்ட 15ஆம் விதி சட்டத்துக்கு முரணானது என்று கூறி, கட்டாய விதிகளை வகுக்க மூன்று மாத அவகாசம் தந்தது. நம் நோய் வழக்குப் பெருக்கம் அன்று. சட்டம் ஏட்டிலேயே உறங்குவது.

அமெரிக்கா தரும் பாடம் வேறு. ஆய்வாளர் செய்யவேண்டிய வேலையை அரசு தனிமனிதரின் வழக்குமனுவிடம் ஒப்படைத்தால் தரகர் நுழைவார். ஆகவே கட்டட அனுமதியின்போதே தணிக்கை வேண்டும். அபராதம் சாய்தளம் கட்டவே செலவாக வேண்டும். பணம் வாங்கி முடிக்கும் எந்தச் சமரசமும் குறை நீங்கியதற்கான சான்றின்றி ஏற்கப்படக் கூடாது. இவை இருந்தால் தரகருக்கு வேலை இல்லை. சாக்குச் சொல்வோருக்கும் இடமில்லை.

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவார் உண்டா? நம் நாட்டிலோ வீடே இன்னும் கட்டி முடியவில்லை. அதற்குள் தீப்பெட்டியோடு நிற்கிறார்கள்.