ஹெர்ட்ஸைக் கேட்காதீர்கள், மில்லிவினாடியைக் கேளுங்கள்

சிம் லிம் ஸ்குவேரின் மாடிகளில் ஏறி இறங்கியவர்களுக்குத் தெரியும், கணினித் திரைகளை அங்கே எண்களை வைத்துத்தான் விற்கிறார்கள். 144, 165, 240, 360. திரை ஒரு வினாடியில் எத்தனை முறை தன் படத்தைப் புதுப்பித்துக்கொள்கிறது என்பதைச் சொல்லும் ஹெர்ட்ஸ் எண் அது. சில அடி தள்ளி கிராஃபிக்ஸ் கார்டு விற்பவர் இன்னோர் எண்ணைச் சொல்வார்: இந்த விளையாட்டில் வினாடிக்கு 200 ஃபிரேம், அதாவது 200 படங்களை இது வரைந்து தள்ளும் என்று. இரண்டு பெட்டிகள், இரண்டு விலைகள். இரண்டும் ஒரே கேபிளின் இரு முனைகளில் உட்காரப்போகின்றன என்ற பேச்சு மட்டும் வருவதில்லை.

சாதாரண நிலைத் தேர்வு முடிந்ததும் பகுதிநேர வேலைக்குப் போய்ச் சேர்த்த பணத்தை இந்த எண்களில் போடும் மாணவர்களை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். குவீன்ஸ்டவுன் பிள்ளைகளுக்கு இது தூரத்து விஷயமும் இல்லை. விளையாட்டுக் கணினிகள் செய்யும் ரேசர் நிறுவனத்தின் கட்டடம் இதே வட்டாரத்தின் ஒன்-நார்த்தில்தான் நிற்கிறது. ஆனால் பெற்றோரின் காதில் விழுவது ஒரே வாக்கியம்: "கேம் திணறுது, புது கார்டு வேணும்." இந்தக் கோரிக்கையை ஹெர்ட்ஸில் பேசாமல் மில்லிவினாடியில் பேசிப் பாருங்கள் என்பதே நான் சொல்ல வருவது. பல வீடுகளில் புது கார்டுக்கே அவசியம் இருக்காது.

முதலில் அந்தக் கேபிளின் இரு முனைகளிலும் நடப்பதைப் பார்ப்போம். ஆசிரியர் வெண்பலகையில் எழுதுகிறார், மாணவர் நோட்டில் பார்த்து எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் கிராஃபிக்ஸ் கார்டு, மாணவர் திரை. மாணவர் எப்போதும் மேல் வரியில் தொடங்கிக் கீழ் வரிவரை ஒரே வேகத்தில் எழுதிக்கொண்டு போவார். திரையும் அப்படித்தான், மேலிருந்து கீழாக வரிவரியாகப் படத்தை மாற்றுகிறது. 60 ஹெர்ட்ஸ் திரை இப்படி ஒரு பக்கத்தை முடித்து அடுத்ததைத் தொடங்க 16.7 மில்லிவினாடி எடுக்கும். 1000ஐ 60ஆல் வகுத்தால் வரும் எண் அது. உயர்நிலை மூன்றில் அலைகள் பாடத்தில் அதிர்வெண்ணையும் அலைவு நேரத்தையும் படித்தவர்களுக்கு இது பழைய சங்கதி.

மாணவர் பாதிப் பக்கம் எழுதிக்கொண்டிருக்கும்போது ஆசிரியர் பலகையை அழித்து அடுத்த பக்கத்தை எழுதிவிட்டால் என்ன ஆகும்? நோட்டின் மேல்பாதியில் பழைய பாடம், கீழ்பாதியில் புதிய பாடம். கணினித் திரையில் இதைத்தான் 'டேரிங்' என்கிறார்கள். விளையாட்டில் வேகமாகத் திரும்பும்போது ஒரு கதவின் மேல்பகுதி ஓரிடத்திலும் கீழ்ப்பகுதி கொஞ்சம் தள்ளியும் நிற்கும், நடுவில் கத்தரிக்கோலால் வெட்டியதுபோல். கார்டும் கெடவில்லை, திரையும் கெடவில்லை. இரண்டு கடிகாரங்கள் ஒன்றையொன்று கேட்காமல் ஓடுகின்றன, அவ்வளவுதான்.

இதற்கு முதலில் வந்த மருந்து 'வி-சிங்க்'. மாணவர் பக்கத்தை முடிக்கும்வரை பலகையை மாற்றக்கூடாது என்று ஆசிரியருக்குக் கட்டளை. வெட்டு மறையும், ஆனால் வேறொரு தொல்லை வரும். கார்டு ஒரு படத்தை வரைய 17 மில்லிவினாடி எடுக்கிறது என்று வையுங்கள். 16.7ல் கிளம்பும் திரையை 0.3 மில்லிவினாடியில் தவறவிட்டது. குவீன்ஸ்டவுன் எம்ஆர்டி நிலையத்தில் கதவு மூடிய நொடியில் மின்படியின் உச்சிக்கு வந்தவர் நிலைதான். அடுத்த ரயில்வரை நிற்க வேண்டும். அடுத்தது 33.3ல். இரண்டே இரண்டு படங்களைச் சேமிக்க மட்டும் இடம் இருக்கும் ஏற்பாட்டில், நிற்கும் நேரத்தில் கார்டு அடுத்ததையும் தொடங்க முடியாது. ஆக, வினாடிக்கு 59 ஃபிரேம் தரக்கூடிய கார்டு 30 ஃபிரேமுக்கு விழுகிறது. 0.3 மில்லிவினாடித் தாமதத்துக்கு 16.7 மில்லிவினாடி அபராதம்! "கேம் திணறுது" என்று உங்கள் பிள்ளை சொல்வது பல நேரங்களில் இதுவாகத்தான் இருக்கும். கார்டு பலவீனமானது என்று முடிவுகட்டிப் புதியதை வாங்குவார்கள். விளையாட்டின் அமைப்பில் நிழல்களின் தரத்தை ஒரு படி குறைத்து, 17ஐ 15 ஆக்கியிருந்தாலே போதும்.

மூன்றாவது படத்துக்கும் சேமிப்பிடம் கொடுத்தால் இந்த அபராதம் குறையும். ஆனால் வினாடிக்கு 50 படங்களை 60 இடங்களில் எப்படி நிரப்புவது? ஐந்து படங்களுக்கு ஒன்று இரட்டிப்பாகக் காட்டப்படும். வினாடிக்குப் பத்து முறை ஒரு சின்ன இடறல். எண்ணைப் பார்த்தால் 50 என்பது 30ஐவிடப் பெரியது. கண்ணுக்கோ, ஒவ்வொரு படத்தையும் சரியாக இரண்டு முறை காட்டும் 30தான் சீராகத் தெரியும். தமிழ்ப் படம் பார்ப்பவர்களும் இதைப் பார்த்திருப்பீர்கள். சினிமாவுக்கு வினாடிக்கு 24 படங்கள். 60 ஹெர்ட்ஸ் தொலைக்காட்சியில் அது சமமாகப் பங்கு போகாது. ஒரு படம் இரண்டு முறை, அடுத்தது மூன்று முறை என்று மாறிமாறி வரும். கோபுரத்தின்மீது கேமரா மெல்ல நகரும் காட்சியில் கோபுரம் லேசாகத் துள்ளுவது அதனால்தான். 120 ஹெர்ட்ஸ் தொலைக்காட்சி அதைச் சரியாகக் கையாண்டால் ஒவ்வொரு படமும் ஐந்து முறை வரும், துள்ளல் போய்விடும்.

இந்த 60 எங்கிருந்து வந்தது என்பது சுவையான கதை. அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். தொலைக்காட்சியை அதற்குப் பொருந்தும்படி வடிவமைத்தார்கள். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், நம் பழைய தொலைக்காட்சியும் 50தான். 1991ல் வந்த 'சோனிக்' விளையாட்டு 60 ஹெர்ட்ஸுக்காக எழுதப்பட்டது. 50 ஹெர்ட்ஸ் நாடுகளுக்கான கருவிகளில் அந்த நீல முள்ளெலி ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடியது, பாட்டும் மெதுவாகவே ஒலித்தது. விளையாட்டின் காலமே திரையின் காலத்தோடு கட்டப்பட்டிருந்தது. 2000களின் தொடக்கத்தில் லேன் கடைகளில் பொழுதைக் கழித்த பெற்றோர் சிலர் இன்னொன்றையும் நினைவுகூரலாம். அந்தக் கனத்த கண்ணாடித் திரைகள் 60ல் மினுக்கும் என்று 85க்கு மாற்றிவிட்டுத்தான் உட்கார்வோம். பிறகு தட்டைத் திரைகள் வந்து எல்லோரையும் 60க்கே திருப்பி அனுப்பின. 120 ஹெர்ட்ஸ் தட்டைத் திரை 2009 வாக்கில் கடைக்கு வந்தது. அதுவும் முப்பரிமாணக் கண்ணாடி விற்பதற்காக!

ஆசிரியருக்குக் கட்டளையிடாமல், அவர் எழுதி முடித்ததும் எழுதத் தொடங்கு என்று மாணவரிடம் சொன்னால் என்ன என்ற யோசனை அதற்குப் பிறகு வந்தது. 2013 அக்டோபரில் என்விடியா 'ஜி-சிங்க்' என்ற பெயரில் இதை அறிவித்தது. அதற்கென்று தனிச் சில்லு பொருத்திய திரை வேண்டும், விலையும் அதிகம். 2014ல் டிஸ்பிளேபோர்ட் தரத்திலேயே இதற்கு இடம் தரப்பட்டது. 2015ல் ஏஎம்டியின் 'ஃப்ரீசிங்க்' திரைகள் வந்தன. 2019 தொடக்கத்தில் என்விடியாவும் தன் கார்டுகளை அந்தப் பொதுத் தரத்துக்குத் திறந்துவிட்டது. 17 மில்லிவினாடியில் படம் வந்தால் திரை 17ல் புதுப்பிக்கும். 19ல் வந்தால் 19ல். ரயில் உங்களுக்காகக் காத்திருக்கும். என் பார்வையில், கடந்த இருபது ஆண்டுகளில் விளையாட்டுத் திரைகளில் நடந்த உண்மையான முன்னேற்றம் இதுதான். 360, 480 என்று பெட்டியில் ஏறும் எண்கள் இதற்கு அடுத்துத்தான்.

ஆனால் பெட்டியில் சின்ன எழுத்தில் இருப்பதையும் படியுங்கள். இந்தத் திரைகள் எந்த எல்லைக்குள் வளைந்துகொடுக்கும் என்று ஒரு வரம்பு உண்டு. மலிவான சில திரைகளில் அது 48 முதல் 75 ஹெர்ட்ஸ்வரைதான். ஃபிரேம் எண்ணிக்கை 40க்கு இறங்கினால் பழைய தொல்லை திரும்பிவரும். மேல் எல்லை கீழ் எல்லையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால், 40ஐ இரட்டிப்பாக்கி 80 ஆகக் காட்டித் தப்பித்துக்கொள்ளலாம். 48 முதல் 144வரை உள்ள திரைக்கு அது முடியும், 75ல் நிற்கும் திரைக்கு முடியாது.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். 60லிருந்து 120க்குப் போனால் ஒரு படத்துக்கான நேரம் 16.7லிருந்து 8.3 மில்லிவினாடி ஆகிறது, 8.3 மிச்சம். 120லிருந்து 240க்குப் போனால் மிச்சம் 4.2 மட்டுமே. 240லிருந்து 480க்கு 2.1. ஹெர்ட்ஸ் எண் 60, 120, 240 என்று தாவித்தாவி ஏறுவதால் ஒவ்வொரு படியிலும் முன்பைவிட அதிகம் கிடைப்பதாகத் தோன்றும். உண்மையில் ஒவ்வொரு படியிலும் பாதிதான் கிடைக்கிறது, விலையோ ஏறிக்கொண்டே போகிறது. இதற்குப் பொய் சொல்ல வேண்டியதில்லை. வகுத்தலின் எந்தப் பக்கத்தைப் பெட்டியில் அச்சிடுவது என்று தேர்ந்தெடுத்தால் போதும்.

அந்த மில்லிவினாடிகளால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. "மனிதக் கண்ணுக்கு 30 ஃபிரேமுக்கு மேல் தெரியாது" என்று பெரியவர்கள் அடிக்கடி சொல்வது தவறு. உங்கள் கைப்பேசியில் 120 ஹெர்ட்ஸ் வசதி இருந்தால் அதை 60க்கு மாற்றி, ஒரு நீளமான செய்தியை வேகமாக நகர்த்திப் பாருங்கள். எழுத்துகள் கூடுதலாகக் கலங்கும். வினாடிக்கு 960 புள்ளிகள் நகரும் ஒரு பொருளைக் கண் பின்தொடரும்போது, 60 ஹெர்ட்ஸில் அதன் விளிம்பு சுமார் 16 புள்ளி அகலத்துக்கு மங்கும், 120ல் 8, 240ல் 4. 2022 அக்டோபரில் 'டோட்டா 2' உலகப் போட்டியின் இறுதிச் சுற்று நம் உள்ளரங்கில் நடந்ததைப் பார்த்தவர்கள், அங்கே எவ்வளவு நுணுக்கமாகப் போட்டி நடக்கிறது என்பதை அறிவார்கள். துப்பாக்கி விளையாட்டுகளில் இன்னும் கடுமை. இருவரின் கையும் ஒரே வேகம் என்றால், எதிரியை 4 மில்லிவினாடி முன்னால் பார்த்தவர் பக்கம் வாய்ப்பு சற்றே சாயும். அவர்கள் 60 ஹெர்ட்ஸ் திரையிலும் வினாடிக்கு 300 ஃபிரேம் ஓட விடுவதற்கும் காரணம் உண்டு: வெட்டுகள் தெரிந்தாலும், திரையில் ஏறும் துண்டு மிகப் புதியதாக இருக்கும். அதைத் தொழிலாகச் செய்பவருக்குச் சரி. வீவக வீட்டின் படுக்கையறையில், கார்டு வரையும் அந்த 300 படங்களில் பெரும்பகுதி முழுதாகத் திரைக்கு வராமலேயே வெப்பமாகிறது. அந்த வெப்பத்தை வெளியேற்றக் குளிர்சாதனமும் ஓடுகிறது. கட்டணம் இரு முறை!

அண்மையில் வந்த ஒரு சங்கதியில்தான் எனக்கு உண்மையான கோபம். 2022 முதல் சில கார்டுகள் இரண்டு உண்மையான படங்களுக்கு நடுவே செயற்கை நுண்ணறிவால் ஒரு படத்தை ஊகித்துச் செருகுகின்றன. 2025 ஜனவரியில் வந்த தலைமுறை, வெளிவந்தபோது மூன்று படங்கள்வரை செருகியது. திரையில் அசைவு வழவழப்பாகத் தெரிகிறது, மறுக்கவில்லை. ஆனால் நடுப்படத்தை ஊகிக்க அடுத்த உண்மைப் படம் கையில் இருக்க வேண்டும். ஆகவே அதைக் கொஞ்சம் பிடித்து வைத்துத்தான் காட்ட முடியும். எண்ணி 120 காட்டும்போது, சுட்டியை அசைக்கும் கை உணர்வது 60ன் தாமதத்தை, சில நேரம் அதைவிடக் கூடுதலாகவும். அந்த ஜனவரியில் என்விடியாவின் தலைமை நிர்வாகி ஜென்சன் ஹுவாங், 549 அமெரிக்க டாலர் கார்டு முந்தைய தலைமுறையின் உச்சக் கார்டான 4090க்கு நிகரான செயல்திறன் தரும் என்று மேடையில் அறிவித்தார். செருகிய படங்களையும் கணக்கில் சேர்த்தால்தான் அது நிகர். உழைத்த பணத்தோடு கடைக்குப் போகும் பதினேழு வயதுப் பிள்ளைக்கு இந்த வேறுபாட்டைச் சொல்வது யார்?

குளிர்பதனப் பெட்டிக்கும் குளிர்சாதனத்துக்கும் 'டிக்' குறிகள் கொண்ட மின்சக்தி முத்திரையை 2008 முதல் இங்கே கட்டாயமாக்கியிருக்கிறோம். ஓராண்டு மின்செலவைக் கடையிலேயே ஒப்பிட்டுப் பார்க்கிறோம். திரையின் பெட்டியில் ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் மில்லிவினாடியையும் வளைந்துகொடுக்கும் வரம்பையும் அச்சிடச் சொல்வது பெரிய காரியமல்ல. ('1 மில்லிவினாடி' என்று ஏற்கெனவே பல பெட்டிகளில் இருக்கிறதே என்பீர்கள். அது ஒரு புள்ளி நிறம் மாற எடுக்கும் நேரம். நாம் பேசும் நேரம் அல்ல.) பள்ளிகளும் செய்யலாம். அலைவு நேரத்தைக் கற்பிக்கக் கயிற்றையும் நீர்த்தொட்டியையும் காட்டுகிறோம். பிள்ளைகள் தினமும் நான்கு மணி நேரம் உற்றுப் பார்க்கும் கருவியை விட்டுவிடுகிறோம்.

வாங்குவதற்கு முன்னால் வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள் உண்டு. விண்டோஸ் அமைப்புகளில் திரைப் பகுதிக்குள் மேம்பட்ட திரை அமைப்பைத் திறந்து, திரை உண்மையில் எத்தனை ஹெர்ட்ஸில் ஓடுகிறது என்று பாருங்கள். 144க்குப் பணம் கொடுத்துவிட்டு 60ல் ஓட்டிக்கொண்டிருக்கும் வீடுகள் உண்டு. விண்டோஸ் தானாக மாற்றாது, பழைய எச்டிஎம்ஐ இணைப்பும் தடையாகலாம். பிஎஸ்5 மட்டும் வைத்திருப்பவருக்கு 120க்கு மேற்பட்ட திரை வீண், அந்தக் கருவி அதற்குமேல் அனுப்புவதில்லை. வளைந்துகொடுக்கும் வசதி திரையில் இருந்தால் அதை முடுக்கிவிட்டு, ஃபிரேம் எண்ணிக்கையைத் திரையின் உச்சத்துக்கு இரண்டு மூன்று கீழே, 144க்கு 141 என்பதுபோல், கட்டிவையுங்கள். கடைசியாக, விளையாடும்போது சராசரி ஃபிரேம் எண்ணிக்கையைப் பார்க்காமல், ஒவ்வொரு படமும் எடுத்த நேரத்தைக் கோடாகக் காட்டும்படி கேளுங்கள்; இலவச மென்பொருள்களிலேயே அந்த வசதி இருக்கிறது. அந்தக் கோடு 16.7ஐத் தாண்டாமல் தட்டையாக ஓடினால், உங்கள் 60 ஹெர்ட்ஸ் திரைக்குப் புதிய கார்டு வேண்டியதில்லை.