டிஸ்க் எங்கேயும் விலகலை சாமி

பொட்டி தட்டுறவனுக்கு முதுகுவலி வர்றதெல்லாம் ஒரு சேதியான்னு நீங்க முணுமுணுக்கிறது கேக்குது. எனக்கு வந்தது வெறும் முதுகுவலி இல்லீங்க. இடுப்புல ஆரம்பிச்சு, பின்தொடை, கெண்டைக்கால் வழியா சுண்டுவிரல் வரைக்கும் கரண்ட் கம்பியை இழுத்துவிட்ட மாதிரி ஒரு வலி. தும்முனா உயிர் போய்ட்டு வரும். எம்.ஆர்.ஐ. எடுத்துப் பாத்துட்டு, கடைசி டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துதுன்னு சொன்னாங்க.

லீவு போட்டு அருப்புக்கோட்டைக்கு வந்தா, தெரு முழுக்க ஒரே பேச்சு: "பிள்ளைக்கு டிஸ்க் விலகிருச்சாம்!" உடனே வைத்தியம் வரிசை கட்டி வருது. திருச்சுழி பக்கம் ஒருத்தர் தடவியே உள்ள தள்ளிருவாராம். கால் முன்னாடி வந்து பொறந்தவன் மூணு மிதி மிதிச்சா போயிருமாம். அப்பத்தா தன் பங்குக்கு, மூணு மாசம் பலகையை விட்டு எந்திரிக்கவே கூடாதுன்னு தீர்ப்பு சொல்லிருச்சு.

எனக்குக் கோவமே இந்த "விலகிருச்சு"ங்கிற வார்த்தை மேலதான். விலகுனதுன்னா திரும்பத் தள்ளி வெக்கலாம்னுதானே தோணும்? ஆனா அங்க எதுவும் விலகறதில்லை. முதுகெலும்புக்கு நடுவுல மொத்தம் 23 டிஸ்க். வெளிய அடுக்கடுக்கா நார் வளையம், உள்ள நுங்கு மாதிரி கொழகொழன்னு ஒரு வஸ்து. மேலயும் கீழயும் எலும்போட ஒட்டியிருக்கு. நார் கிழிஞ்சா நுங்கு பிதுங்கும், பக்கத்துல போற நரம்பைத் தொடும். அம்புட்டுதான். இந்தப் பிதுங்கலாலதான் கால்வலி வருதுன்னு மிக்ஸ்டர், பார்னு ரெண்டு அமெரிக்க டாக்டருங்க 1934-லேயே எழுதிட்டாங்க. பிதுங்குன நுங்கை வெளிய இருந்து மிதிச்சு உள்ள அனுப்ப முடியுமா, நீங்களே சொல்லுங்க.

நல்ல சேதி என்னன்னா, வெளிய வந்த துண்டை நம்ம உடம்பே கொஞ்சங்கொஞ்சமா கரைச்சிருது. 2007-ல் நெதர்லாந்துல ஒரு ஆய்வு வந்துச்சு. கடுமையான கால்வலிக்காரங்களை ரெண்டா பிரிச்சு, பாதிப்பேருக்கு உடனே ஆபரேஷன், மீதிப்பேரைக் காத்திருக்கச் சொன்னாங்க. ஆபரேஷன் ஆனவங்களுக்கு வலி சீக்கிரம் குறைஞ்சது. காத்திருந்தவங்கள்ல 39 சதவீதம் பேருக்கு அப்புறம் ஆபரேஷன் பண்ண வேண்டியதாச்சு. ஆனா ஒரு வருஷ முடிவுல ரெண்டு கூட்டத்துலயும் 95 சதவீதம் பேர் தேறிட்டாங்க. 2015-ல் வந்த இன்னொரு ஆய்வு இன்னும் சுவாரசியம். வலியே இல்லாத 20 வயசுக்காரங்கள்லயே 30 சதவீதம் பேருக்கு ஸ்கேன்ல டிஸ்க் புடைச்சிருக்கு, 80 வயசுல 84 சதவீதம். நரைமுடி மாதிரிதான். அதனால ஸ்கேன் காகிதத்தைப் பாத்தே பாதி உயிர் போக வேண்டாம்.

அப்ப எல்லாம் தானா சரியாயிருமா? இல்லை. இங்கதான் எங்க சித்தப்பா கதை.

குழித்தறி நெசவு அவருக்கு. குழிக்குள்ள காலை விட்டு மிதிச்சுக்கிட்டு, நாள் முழுக்க முன்னால குனிஞ்சே உக்காந்திருப்பாரு. கால்வலின்னாரு. வாயுப்பிடிப்புன்னோம். ஒருநாள் செருப்பு நழுவுனதே அவருக்குத் தெரியலை. பாதத்தைத் தூக்க முடியலை. அப்புறம் ஒன்னுக்குப் போறது நின்னுருச்சு. வெயில் சூடுன்னு நாங்களே இளநி வாங்கிக் குடுத்தோம். மூணு நாள் கழிச்சுதான் மதுரைக்குத் தூக்கிட்டு ஓடுனோம். ஆபரேஷன் நடந்தது, ஆனா கால் முழுசாத் திரும்பலை. தறியைப் பிரிச்சு வித்தாச்சு. மிதிச்சு விட்டவங்களை நான் குத்தம் சொல்லலை. அந்த மூணு நாள் எங்களோட குத்தம்.

அதனால இதை மட்டும் மனசுல வெச்சுக்கங்க. ஒன்னுக்கு, ரெண்டுக்கு கட்டுப்பாடு போனாலோ, உக்கார்ற இடம் மரத்துப்போனாலோ, பாதம் தொங்கிப்போனாலோ அன்னிக்கே பெரியாஸ்பத்திரி. விடியட்டும்னு கூட இருக்காதீங்க.

மத்தபடி படுக்கை மருந்தில்லை. சாதாரண முதுகுவலிக்கு ஏழு நாள் படுக்கிறதைவிட ரெண்டு நாள் போதும்னு 1986-லேயே ஆய்வு வந்தாச்சு. முடிஞ்ச அளவு நடக்கணும். எனக்கு வீட்லருந்து வேலை, நடுவுல எந்திரிச்சு நடக்கலாம். தள்ளுவண்டியில குடம் தள்ளுற அக்காகிட்ட "ரெஸ்ட் எடுங்க"ன்னு சொன்னா சிரிக்கும். அரைக்குடமா ரெண்டு நடை தூக்குங்க, குனியாம முழங்காலை மடக்கி, உடம்போட ஒட்டிப் பிடிங்கன்னு சொன்னா பிரயோஜனம். 2021-ல் ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல இயன்முறை சிகிச்சையும் உண்டு, கேட்டு வாங்கணும்.

இனிமே "விலகிருச்சு"ன்னு சொல்லாம "பிதுங்கிருச்சு"ன்னு சொல்லிப் பாருங்க. பிதுங்குனது வத்தும். வத்துறதைப் பத்தி நம்ம ஊர்க்காரங்களுக்கு யாரும் பாடம் எடுக்கணுமா என்ன?

டிஸ்கி (டிஸ்க் இல்லீங்க!): நான் டாக்டர் இல்லை. உங்க வலிக்கு உங்க டாக்டர்தான்.