கணினிக் கருவிகளும் பதிப்புப் பேணலும்

'தமிழ்' என்னும் சொல்லில் எத்தனை எழுத்துகள் உள்ளன? இலக்கணம் கற்ற மாணவர் எவரும் தயங்காது மூன்று என்பர். யூனிகோடு முறையில் யூடிஎஃப்-8 வடிவில் எழுதிய இதே சொல்லைப் பைத்தான் என்னும் நிரல்மொழியின் இரண்டாம் பதிப்பிடம் கொடுத்து நீளம் கேட்டால் அது 15 என்று விடையிறுக்கும். மூன்றாம் பதிப்போ 5 என்று கூறும். முன்னது எண்ணுவது பைட்டுகளை. தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டுகள் செலவாகின்றன. பின்னது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி எனக் குறிகளை எண்ணுகின்றது. நம் மூன்றை இரண்டும் தாமாக அறியா. அதனை நாம்தான் நிரல் எழுதிக் கற்பிக்க வேண்டும்.

ஒரே மொழி, ஒரே வினா, இருவேறு விடைகள். ஆகவே கணினிகொண்டு சொல்லடைவு தயாரிக்கும் ஆய்வு மாணவர் ஒருவருக்கு வீட்டில் ஒரு கணக்கும் கல்லூரி ஆய்வகத்தில் வேறொரு கணக்கும் கிடைக்குமாயின், அவர் முதலில் எழுப்ப வேண்டிய வினா 'எந்தப் பதிப்பு?' என்பதே.

இவ்வேறுபாடு நேர்ந்த வரலாறு சுருக்கமானது. குவீடோ வான் ரோசம் படைத்த பைத்தான் 1991இல் வெளிவந்தது. 2008 டிசம்பரில் வந்த மூன்றாம் பதிப்பு, பழையதோடு ஒத்துப்போக வேண்டும் என்னும் கட்டுப்பாட்டை வேண்டுமென்றே உதறியது. உலக மொழிகள் அனைத்தின் எழுத்துகளையும் முறையாகக் கையாளுதல் அதன் தலையாய நோக்கங்களுள் ஒன்று. தமிழர்க்கு இது நன்மையே. ஆயினும் பழைய நிரல்களைத் திருத்தி எழுத உலகினர்க்கு நெடுங்காலம் தேவைப்பட்டது. 2015இல் முடிவதாக இருந்த இரண்டாம் பதிப்பின் ஆதரவு, 2020 சனவரி முதல் நாள் வரை நீட்டிக்கப்பட்டது.

மாற்றங்களுள் சில தாமே வெளிப்படும். அச்சிடும் கட்டளைக்கு அடைப்புக்குறி இடாவிடின் மூன்றாம் பதிப்பு பிழை காட்டி நின்றுவிடும். அதனால் தீங்கில்லை. ஆனால் ஏழை இரண்டால் வகுக்கச் சொன்னால் பழையது 3 என்னும், புதியது 3.5 என்னும், இரண்டும் பிழை காட்டா. விடை மட்டும் வேறாகும். அஞ்சத்தக்கது இத்தகைய மௌன மாற்றமே.

இந்நிலையில் ஆய்வகங்களில் இருவகைப் போக்குகளைக் காண்கிறோம். பழையதே போதும், தொடாதீர் என்பது ஒன்று. பழையதை அழித்துப் புதியதை மட்டும் நிறுவுவது மற்றொன்று. இரண்டும் பொருந்தா என்பது என் துணிபு. தொடக்க ஆண்டுகளில் மின்வடிவம் பெற்ற தமிழ் நூல்கள் பல, டிஸ்கி முதலிய ஒரு பைட்டுக் குறியேற்றங்களில் அமைந்தவை. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் முந்தைய கோப்புகளும் அத்தகையனவே. அவற்றைப் பைட்டு பைட்டாகப் படிக்கும்படி இரண்டாம் பதிப்பில் எழுதப்பட்ட நிரல், மூன்றாம் பதிப்பில் திருத்தமின்றி ஓடும் என்று எதிர்பார்க்க இயலாது. நிரலைத் திருத்தலாம். திருத்தியது சரிதானா என ஒப்பிட்டுப் பார்க்கப் பழையது உடனிருக்க வேண்டுமல்லவா? ஏட்டுச் சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் தாம் மூலத்தில் கொள்ளாத பாடங்களையும் அடிக்குறிப்பில் காத்து வைத்தார். தமிழ்த்துறையினர்க்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டா.

இரண்டையும் ஒரே கணினியில் வைப்பதற்கு வழி உண்டு. லினக்ஸ், மேக் கணினிகளில் பையென்வ் என்னும் கட்டளைக் கருவி இதனைச் செய்கின்றது. நாம் கட்டளை வரியில் 'பைத்தான்' என்று எழுதியதும், கணினி தன் தேடுபாதையில் உள்ள கோப்புறைகளை வரிசையாகப் பார்த்து, அப்பெயரில் முதலில் அகப்படும் நிரலை இயக்கும். பையென்வ் அவ்வரிசையின் முகப்பில் தன் வாயிற்காவலனை நிறுத்துகின்றது. அவன் முதலில் அந்த அமர்வுக்கென ஒரு பதிப்பு குறிக்கப்பட்டுள்ளதா என்று பார்ப்பான். இல்லையெனில், நாம் நிற்கும் கோப்புறையில் பதிப்பெண் எழுதிய சிறு கோப்பு உண்டா என்று நோக்குவான். அங்கும் இல்லையெனில் மேற்கோப்புறைகளில் தேடுவான். எங்கும் இல்லாதபோதே பொதுப் பதிப்பை அழைப்பான். 'பையென்வ் லோக்கல் 2.7.18' என்று ஒருமுறை எழுதினால் அச்சிறு கோப்பு உருவாகிவிடும். பின்னர் அக்கோப்புறைக்குள் பழையது பேசும். வெளியே வந்தால் புதியது பேசும். ரூபி மொழிக்கென எழுந்த ஆர்பிஎன்வ் என்னும் கருவியிலிருந்து கிளைத்தது இது. நோட் பயன்படுத்துவோர்க்கு என்விஎம் உண்டு. விண்டோஸில் 'பை' என்னும் ஏவி ஏறக்குறைய இப்பணியைச் செய்கின்றது.

பதிப்பெண்ணைப் பதின்மக் கணக்காகப் படிக்கும் வழக்கம் மாணவரிடையே உள்ளது. 3.9க்குப் பின் வந்தது 3.10; அது 3.1 அன்று. புள்ளி இங்கே பிரிக்கின்றது, பின்னமாக்கவில்லை.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். உபுண்டு போன்ற இயங்குதளங்கள் தம் உள் வேலைகளுக்கே பைத்தானை நம்பியுள்ளன. அதனை அகற்றியோ, அதன் பெயரை வேறு பதிப்புக்குத் திருப்பியோ விளையாடினால் கட்டளைச் சாளரமே திறவாமற் போகலாம். கணினிக்குரிய பைத்தானைக் கணினிக்கே விட்டுவிட்டு, நமக்குரியதைத் தனியே நிறுவிக்கொள்வதே முறை.

ஒரு பெயருக்குப் பின்னால் பல பதிப்புகள் ஒளிந்திருந்தால் மாணவர் குழம்புவர் என்று சில ஆசிரியர்கள் கூறுகின்றனர். குழப்பம் உண்மையே. ஆயினும் அது முன்பே இருந்த குழப்பம். இக்கருவி அதனை வெளிப்படுத்துகின்றது, அவ்வளவே. 'பையென்வ் வெர்ஷன்' என்று கேட்டால் எப்பதிப்பு நடப்பில் உள்ளது, எந்தக் கோப்பு அதனைத் தீர்மானித்தது என்னும் இரண்டையும் அது சொல்லிவிடும். இடம் போதாது என்பாரும் உளர். ஒரு பதிப்புக்குச் சில நூறு மெகாபைட் போதும். திரைப்படம் ஒன்றைச் சேமிக்கும் இடம்கூட ஆகாது.

இது இரண்டாம் பதிப்போடு தீர்ந்த சிக்கலுமன்று. இப்போது ஆண்டுதோறும் ஒரு புதிய பைத்தான் வருகின்றது. 2023இல் வந்த 3.12, நெடுநாள் உடனிருந்த டிஸ்ட்யூட்டில்ஸ் என்னும் பகுதியை நீக்கிவிட்டது. அதனை நம்பிய நிரல்கள் மூன்றாம் பதிப்பினவாயினும் நின்றுபோயின.

எனவே ஆய்வேட்டில் கணினிக் கணக்கு இடம்பெறுமாயின், நிரலோடு பதிப்பெண் கோப்பையும் இணைத்துத் தருமாறு மாணவரைப் பணிக்க வேண்டும். நூலின் பதிப்பாண்டைக் குறிக்காத மேற்கோளை நாம் ஏற்பதில்லை. இதனை மட்டும் எவ்வாறு ஏற்பது? ஆய்வகப் பொறுப்பாளர்கள் எதையும் நீக்குமுன் துறைகளைக் கேட்டறிதல் நலம். பழைய பதிப்பைப் பழைய கோப்புகளைப் படிப்பதற்கும் ஒப்பிடுவதற்கும் மட்டுமே பயன்படுத்த வேண்டும். 2020 ஏப்ரலில் வந்த 2.7.18 அதன் இறுதி வெளியீடு. அதன் பின் காணப்பட்ட பாதுகாப்புக் குறைகளை அதன் ஆக்குநர்கள் திருத்தி வெளியிடவில்லை. இணையத்தோடு உறவாடும் எந்த வேலையையும் அதனிடம் ஒப்படைத்தலாகாது.